கவட்டு வீக்கமும் சிறுநீர்ப்பையும்: சொல்லத் தயங்கும் ஒரு சங்கதி

எமது கிராமங்களில் வயது சென்ற ஆண்கள் வெளியே சொல்லாமல் மறைக்கும் நோய்களுள் கவட்டு வீக்கமும் ஒன்று. சிலர் அதைக் குடலிறக்கம் என்பர். சிலர் ஓதம் என்பர். ஆஸ்பத்திரியில் ஹேர்ணியா என்று எழுதுவார்கள். பெயர் எதுவாயினும், சாரத்தை இறுக்கிக் கட்டி, வீக்கத்தை மறைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து வருடங்கள் பாரமான வேலை செய்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த வீக்கத்துக்குள் எப்போதும் குடல்தான் இருக்கும் என்று நாமும் எண்ணியிருந்தோம். அது அப்படியல்ல என்பதை ஒரு பெரியவரே எமக்குக் கற்றுத் தந்தார்.

அவர் கரைவலை இழுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். வயது 68. வலது கவட்டில் தேசிக்காய் அளவில் தொடங்கிய வீக்கம் பன்னிரண்டு வருடங்களில் விதைப்பை வரை இறங்கி, ஒரு மாங்காய் அளவுக்கு வந்துவிட்டது. நின்றால் பெருக்கும், படுத்தால் ஓரளவு உள்ளே போகும். எமது சுகாதாரத் தொண்டர்கள் அவரை மூன்று முறை கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றார்கள். சத்திரசிகிச்சைக்குத் திகதியும் கிடைத்தது. திகதிக்கு முதல் நாள் மாலை, ஆயத்தங்களுக்கு உதவப் போன தொண்டரைப் பெரியவர் வேலியோரம் அழைத்துச் சென்றார்.

“தம்பி, ஒரு சங்கதி. இதை டொக்டரிட்டைச் சொல்லோணுமோ தெரியேல்லை. எனக்குச் சலம் ஒரு முறையிலை போறேல்லை. போட்டு வந்து குந்தினால் திரும்பவும் முட்டுது. பிறகு வீக்கத்தைக் கையாலை அமத்தினால்தான் மிச்சம் போகுது. போன பிறகு வீக்கமும் வத்திப்போகுது.”

“எத்தினை நாளா அப்பு?”

“நாலைஞ்சு வருசமா. வயசுக் கோளாறு எண்டு விட்டிட்டன். மருமகள் பக்கத்திலை நிக்கேக்கை இதை எப்பிடிச் சொல்லுறது?”

தொண்டர் அதை ஒரு துண்டில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்து அனுப்பினார். மறுநாள் வாட்டில் அதை வாசித்த வைத்தியர் சத்திரசிகிச்சையை ஒத்திவைத்து, ஸ்கான் செய்வித்தார். வீக்கத்துக்குள் இறங்கியிருந்தது குடல் அல்ல. சிறுநீர்ப்பையின் ஒரு பகுதி.

மூன்று முறை கூடப் போயும் நாம் அந்தக் கேள்வியைப் பெரியவரிடம் கேட்கவில்லை. வீக்கம் எவ்வளவு, நோகிறதா, எத்தனை வருடம் என்று மட்டுமே கேட்டோம். “சலம் எப்படிப் போகிறது?” என்று கேட்க எமக்கும் கூச்சம். அந்தக் கூச்சத்தினால் என்ன நேரக்கூடும் என்பதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம்.

சிறுநீர்ப்பை அங்கே எப்படி வருகிறது?

பழைய சைக்கிள் ரயரில் ஓரிடம் நைந்துபோனால், காற்றடிக்கும்போது உள்ளிருக்கும் ரியூப் அந்த இடத்தால் பிதுங்கி வரும். ஹேர்ணியாவும் அப்படித்தான். வயிற்றின் முன்சுவர் தசையாலும் உறுதியான சவ்வுகளாலும் ஆனது. ஆண் குழந்தைகளில் பிறப்பதற்கு முன் விதைகள் வயிற்றுக்குள்ளிருந்து கவட்டு வழியாக விதைப்பைக்கு இறங்குகின்றன. அந்த வழி இருக்கும் இடம் ஆயுள் முழுவதும் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். ஆண்களில் நூற்றுக்கு 27 பேருக்கும் பெண்களில் நூற்றுக்கு 3 பேருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையேனும் கவட்டு ஹேர்ணியா ஏற்படுகின்றது என்று கணக்கிடப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம்.

சிறுநீர்ப்பை அடிவயிற்றின் முன்புறத்தில், இடுப்பின் முன் எலும்புக்குப் பின்னே இருக்கின்றது. கவட்டின் பலவீனமான இடம் அதற்கு அண்மையிலேயே உள்ளது. வயது செல்லச் செல்லத் தசைகள் தளர்கின்றன. அதனுடன் சலம் வெளியேறும் வழியில் தடையும் ஏற்பட்டால் சிறுநீர்ப்பை எந்நேரமும் நிரம்பி, விரிந்து, அதன் சுவரும் தளர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் முக்கி முக்கிச் சலம் கழிக்கும்போது, தளர்ந்த சுவர் பலவீனமான இடத்தை நோக்கித் தள்ளப்பட்டு, நாளடைவில் அதனூடாக இறங்கிவிடுகின்றது.

வயது சென்ற ஆண்களில் இத்தடைக்குப் பெரும்பாலும் காரணமாவது புரொஸ்ரேற் சுரப்பியின் வீக்கமாகும். இச்சுரப்பி சிறுநீர்ப்பையின் வாயிலைச் சுற்றி இருப்பது. ஐம்பது வயதுக்குப் பின் பலரில் இது பருத்துச் சலக்குழாயை நெருக்குகின்றது. நாட்பட்ட இருமல், சுருட்டும் பீடியும், மலச்சிக்கல், உடற்பருமன், இடைவிடாது பாரம் தூக்குதல் ஆகியனவும் வயிற்றினுள் அழுத்தத்தைக் கூட்டி நிலைமையை மோசமாக்கலாம்.

பெண்களுக்கு இது அரிது. ஆயினும் இல்லாமல் இல்லை. அவர்களில் சிறுநீர்ப்பை பெரும்பாலும் தொடை மடிப்புக்குச் சற்றுக் கீழே, தொடையின் மேற்பகுதியில் தோன்றும் ஹேர்ணியாவினுள் இறங்குகின்றது.

அரிது, ஆனால் அறியாமலே போவது

கவட்டு ஹேர்ணியா உள்ள நூறு பேரை எடுத்தால், ஒருவர் முதல் நான்கு பேர் வரையிலேயே சிறுநீர்ப்பையும் சேர்ந்து இறங்கியிருக்கும். ஐம்பது வயதைக் கடந்த ஆண்களில் இத்தொகை கூடுதலாகும். விதைப்பை வரை இறங்கிய சிறுநீர்ப்பையைப் பற்றி லெவின் என்ற வைத்தியர் 1951இல் எழுதி, அதற்கென ஒரு தனிப் பெயரையும் வழங்கினார். ஆகவே இது மருத்துவ உலகுக்குப் புதிய நோய் அல்ல.

இருந்தும், இத்தகைய நோயாளர் நூறு பேரில் ஏழு பேருக்கும் குறைவானவர்களுக்கே சத்திரசிகிச்சைக்கு முன்னர் இது கண்டறியப்படுகின்றது என மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பெரும்பாலானோரில் வைத்தியர் கத்தி வைத்த பின்னரே தெரியவருகின்றது. ஏறக்குறைய நூற்றுக்குப் பதினாறு பேரில் சத்திரசிகிச்சை முடிந்து, சிக்கல் தோன்றிய பின்புதான் தெரியவருகின்றது.

சிறிதாக இறங்கிய சிறுநீர்ப்பை எந்த அறிகுறியையும் காட்டாமல் இருக்கலாம் என்பது இதற்கு ஒரு காரணம். அறிகுறி இருந்தும் நோயாளி அதைச் சொல்லாமல் விடுவது மற்றையது. முதலாவது காரணத்துக்கு நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை. இரண்டாவது முழுக்க முழுக்க எம் கையில் இருக்கின்றது.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

கவட்டு வீக்கம் உள்ள ஒருவரை, குறிப்பாக ஐம்பது வயதைக் கடந்தவரை, கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுமுன் பின்வருவனவற்றைத் தனியே வைத்துக் கேளுங்கள்.

1. சலம் இரண்டு தடவையில் போகின்றதா? முதலில் ஒரு பகுதி போய், சற்று நேரத்தில் மறுபடியும் முட்டுகின்றதா?

2. மிச்சச் சலத்தைப் போக்க வீக்கத்தைக் கையால் அமத்தவோ தூக்கிப் பிடிக்கவோ வேண்டியிருக்கின்றதா?

3. சலம் முட்டும்போது வீக்கம் பெருத்து, போன பின் சிறுக்கின்றதா?

4. வீக்கத்தை அமத்தினால் சலம் போகவேண்டும் போல் இருக்கின்றதா?

5. இரவில் பல முறை எழும்புகின்றாரா? சலம் மெல்லிய தாரையாகப் போகின்றதா? எரிவு, இரத்தம், அடிக்கடி காய்ச்சல் உண்டா?

இரண்டாவதும் மூன்றாவதும் மிக முக்கியமானவை. சலம் இரண்டு தடவையில் போவது மட்டும் இருந்தால், அது ஹேர்ணியா இல்லாத வெறும் புரொஸ்ரேற் வீக்கத்தாலும் வரலாம். ஆனால் வீக்கத்தை அமத்திச் சலம் கழிக்கும் ஒருவர் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் கூறவேண்டும். கூற வெட்கமாயின் எங்கள் தொண்டர் செய்தது போல் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கலாம். ஆண்களிடம் ஆண் தொண்டர் கேட்பது நல்லது. பெண்கள் தமது குடும்பநல உத்தியோகத்தரிடம் மனம்விட்டுச் சொல்லலாம்.

வைத்தியர் எவ்வாறு கண்டறிகிறார்?

முதலில் நிற்கவைத்தும் படுக்கவைத்தும் பார்ப்பார், இருமச் சொல்வார். சலம் கழிக்கு முன்னும் பின்னும் வீக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சலத்தில் கிருமி, இரத்தம் உண்டா என்றும், சிறுநீரகங்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்றும் அறியச் சல, இரத்தப் பரிசோதனைகள் செய்யப்படும்.

அடுத்தது ஸ்கான். இதில் நோவில்லை. சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும்போது ஒரு முறையும் சலம் கழித்த பின் ஒரு முறையும் பார்ப்பார்கள். கவட்டில் உள்ள நீர் நிறைந்த பகுதி வயிற்றினுள் இருக்கும் சிறுநீர்ப்பையுடன் தொடுத்திருப்பதையும், சலம் கழித்ததும் அது சுருங்குவதையும் காணலாம். எவ்வளவு சலம் தேங்கி நிற்கின்றது, புரொஸ்ரேற் எவ்வளவு பருத்திருக்கின்றது, சிறுநீரகங்கள் வீங்கியுள்ளனவா என்பனவும் அதே பரிசோதனையில் தெரியும். ஸ்கானுக்கு வருமுன் தண்ணீர் குடித்துச் சலத்தை அடக்கிக்கொண்டு வரும்படி சொன்னால், அப்படியே செய்ய வேண்டும். வெறும் பையுடன் போனால் கண்டுபிடிக்க வேண்டியது கண்ணில் படாமலே போகலாம்.

ஐயம் தீராவிட்டால் சி.ரி. ஸ்கான் எடுக்கலாம். அல்லது கதீற்றர் எனப்படும் மெல்லிய குழாய் மூலம் சிறுநீர்ப்பைக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்றே எடுக்கலாம். அதில் சிறுநீர்ப்பை இடை இடுங்கிய சுரைக்குடுவை போலத் தெரியும்: மேற்குடம் வயிற்றினுள், கீழ்க்குடம் கவட்டினுள்.

விட்டுவைத்தால் என்ன?

கவட்டில் இறங்கிய பகுதியில் சலம் தேங்கி நிற்கும். தேங்கிய குளத்து நீர் பழுதாவது போல் அங்கே கிருமிகள் பெருகும், கல்லும் உண்டாகலாம். சிறுநீரகத்திலிருந்து சலத்தைக் கொண்டுவரும் குழாய் இழுபட்டு மடங்கினாலோ, தேங்கிய சலம் மேல்நோக்கி அழுத்தினாலோ சிறுநீரகம் வீங்கிப் பழுதடையக் கூடும். அரிதாக, இறங்கிய பகுதி இறுகி இரத்தவோட்டம் தடைப்பட்டு அழுகவும் கூடும்.

எனினும், தெரியாமல் செய்யப்படும் சத்திரசிகிச்சையில்தான் பலருக்கு ஆபத்து நேர்கின்றது. கொழுப்புப் படிந்த சிறுநீர்ப்பைச் சுவர், ஹேர்ணியாப் பையைப் போலவோ வெறும் கொழுப்புக் கட்டியைப் போலவோ தோற்றமளிக்கலாம். அதைத் திறக்கவோ வெட்டவோ நேர்ந்தால் சலம் உள்ளே கசியும். அயற்கிராமத்தைச் சேர்ந்த வேறொருவருக்கு இவ்வாறு சிறு வெட்டு ஏற்பட்டது. வைத்தியர் உடனேயே கண்டுகொண்டு தைத்தார். நோயாளி பத்து நாள் கதீற்றருடன் இருந்து சுகமானார். அவருக்கும் பல வருடமாகச் சலம் இரண்டு தடவையில்தான் போயிருக்கின்றது. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவுமில்லை.

சிகிச்சை

குளிசையாலோ எண்ணெயாலோ ஹேர்ணியா மாறாது. இடுப்பில் கட்டும் பட்டி அதைத் தற்காலிகமாகத் தாங்கிப் பிடிக்குமே அன்றிக் குணப்படுத்தாது. சிறுநீர்ப்பை இறங்கியிருந்தால் சத்திரசிகிச்சையே பொதுவான வழி.

சத்திரசிகிச்சைக்கு முன் கதீற்றர் இட்டுச் சிறுநீர்ப்பையை வெறுமையாக்குவார்கள். முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் விறைக்கச் செய்தோ, முழு மயக்கம் கொடுத்தோ செய்யலாம். இறங்கிய சிறுநீர்ப்பையை நிதானமாக விடுவித்து, அதன் இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அதை வெட்டி எடுப்பது வழக்கமல்ல. ஒரு பகுதி அழுகியிருந்தால், புற்றுநோய் இருந்தால், துளை விழுந்திருந்தால் மட்டுமே வெட்டி அகற்றுவது பற்றி யோசிப்பார்கள்.

பின்னர் பலவீனமான சுவரைப் பலப்படுத்த வேண்டும். இத்தாலியைச் சேர்ந்த பசினி என்ற சத்திரசிகிச்சையாளர் 1880களில் தையல் மூலம் இதைச் செய்யும் முறையை வகுத்தார். 1980களில் அமெரிக்காவில் லிச்ரென்ஸ்ரைன் என்பவரும் அவரது குழுவினரும், இழுத்துத் தைக்காமல், உடலுக்கு ஒவ்வாமை தராத செயற்கை நூலால் பின்னிய வலைத்துண்டு ஒன்றை அவ்விடத்தில் வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினர். இன்று பல இடங்களிலும் கையாளப்படுவது இதுவே. எமது பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்தார்: “கடைசியிலை எனக்குள்ளையும் வலை போட்டிட்டினம்.”

சிறுநீர்ப்பையில் வெட்டு ஏற்பட்டாலும் பயப்படத் தேவையில்லை. தானே கரையும் நூலால் தைத்து, பொதுவாக 7 முதல் 14 நாள் வரை கதீற்றர் வைத்திருந்தால் அது ஆறிவிடும். அக்கதீற்றரை வீட்டில் இழுத்துக் கழற்ற முயல்வது பெரும் தவறு.

ஹேர்ணியாவைச் சரிசெய்து, சலத் தடையைக் கவனியாமல் விடக்கூடாது. தடை இருக்கும்வரை நோயாளி முக்கிக்கொண்டே இருப்பார். தைத்த இடம் மீண்டும் விட்டுப்போகலாம். ஆகவே புரொஸ்ரேற் வீக்கத்துக்குத் தம்சுலோசின் போன்ற குளிசைகள் கொடுக்கப்படும். அவை போதாவிட்டால், சலக்குழாய் வழியாகவே கருவி செலுத்திச் சுரப்பியைச் சீவி எடுக்கும் சத்திரசிகிச்சை உண்டு. எதை முதலில் செய்வது என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். எமது பெரியவருக்கு முதலில் சில கிழமைகள் குளிசை கொடுத்தார்கள்; அதன் பின்னரே ஹேர்ணியாச் சத்திரசிகிச்சை செய்தார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லை. காத்திருக்க நேரிடலாம். திகதி பிந்தினால், கிளினிக்கை விட்டுவிடாமல் கொப்பியுடன் திரும்பப் போகவேண்டும்.

செய்யக் கூடாதவை

வீக்கத்தில் எண்ணெய் பூசி உருவவோ, உள்ளே போகாத வீக்கத்தைப் பலவந்தமாகத் தள்ளவோ கூடாது. விதைப்பையில் நீர் கட்டியுள்ளது என்று எண்ணி, பரிசோதனை இன்றி ஊசி ஏற்றி நீர் எடுக்க எவருக்கும் இடம் கொடுக்கக் கூடாது. அந்த நீர் சிறுநீர்ப்பையில் உள்ள சலமாக இருக்கலாம். தடிமன், சளிக்குக் கடையில் வாங்கும் சில குளிசைகள் புரொஸ்ரேற் வீக்கம் உள்ளவர்களுக்குச் சலத்தை முற்றாக மறித்துவிடும். வைத்தியரைக் கேளாமல் வாங்கவேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் அதனைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே கூறவேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவை

வீக்கம் கல்லுப் போல் இறுகி, உள்ளே போகாமல் கடுமையாக நொந்தால்; வாந்தி வந்து, மலமும் வாயுவும் போகாமல் வயிறு ஊதினால்; சலம் முற்றாக அடைபட்டால்; சலத்தில் இரத்தம் போனால்; நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வாகனம் இல்லாவிடின் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்த பின் சலம் குறைந்தாலோ, காயத்தால் நீர் கசிந்தாலோ, அடிவயிறு வீங்கி நொந்தாலோ அப்போதும் தாமதம் கூடாது.

சுகமாகி வரும்போது

அநேகமானோர் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கலாம், நடப்பதே நல்லது. பாரம் தூக்குவதைப் பொதுவாக 4 முதல் 6 கிழமை வரை, அல்லது வைத்தியர் சொல்லும் காலம் வரை தவிர்க்க வேண்டும். கீரை, பழம், தவிட்டரிசிச் சோறு, போதிய தண்ணீர் ஆகியன மலச்சிக்கலைத் தடுக்கும். சுருட்டையும் பீடியையும் விட்டால் இருமலும் குறையும், தையலும் தப்பும். இக்கிழமைகளில் நாளாந்தச் சம்பளத்தை நம்பிய குடும்பம் வருமானமின்றி இருக்கும். சுகமாகு முன்னரே பலர் மூட்டை தூக்கப் போவது இதனால்தான். சங்கங்களும் அயலவர்களும் கைகொடுக்க வேண்டிய நேரம் இதுவே.

அந்தப் பெரியவர் இப்போது வலை இழுப்பதில்லை. கரையில் பூவரச மர நிழலில் இருந்து வலை பொத்துகிறார். இரவில் ஒரு முறை மட்டும் எழும்புவதாகச் சொல்கிறார். அண்மையில் அவரிடம் போனபோது, தன்னைப் போல் வீக்கம் உள்ள இன்னொருவரை அருகே இருத்தி, எங்களுக்கு முன்பாகவே கேட்டார்:

“வெக்கப்படாமல் சொல்லும். உமக்குச் சலம் எத்தினை முறையிலை போகுது?”

நாம் கேட்கத் தவறிய கேள்வி அது. இனி அதைக் கேட்காமல் எவரையும் கிளினிக்குக்கு அனுப்புவதில்லை என்று எமது தொண்டர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். வாசகர்களும் தமது வீட்டிலும் அயலிலும் உள்ள பெரியவர்களிடம் அதையே கேட்கும்படி வேண்டுகிறோம்.